செர்ரி பீரும் ஆடி மாத நாவல்பழமும்

பெல்ஜியத்திலிருந்து ஊருக்குப் போகிறவன் சாக்லெட் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் மீறிவிட முடியாது. அக்காவுக்கு, அக்கா பிள்ளைகளுக்கு, அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டுக்கு என்று என் பெட்டியில் பாதி எப்போதும் சாக்லெட்தான். மீனம்பாக்கத்தில் இறங்கி வெயிலில் கால் வைத்ததும் அத்தனையும் உருகி ஒரே கட்டியாகிவிடும். அதை ஃபிரிட்ஜில் வைத்து, கத்தியால் வெட்டிப் பங்கு போடுவார்கள்.

இந்த ஆடி மாதம், மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் புது இயந்திரம் ஓடுவதைப் பார்த்துவிட்டு வா என்று அலுவலகம் அனுப்பியது. சாக்லெட்டுக்கு நடுவே, இரண்டு வேட்டிகளைச் சுற்றி ஒரு பாட்டிலையும் வைத்தேன். செர்ரி பீர். ஏகாம்பரத்துக்காக.

ஏகாம்பரமும் நானும் இளவயதில் அதே மறைமலைநகரில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். கம்பெனி பஸ்ஸில் நான் செங்கல்பட்டில் ஏறுவேன், அவன் சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறுவான். அந்த பஸ்ஸில் அவரவருக்கு ஒரு சீட் உண்டு. மாறி உட்கார்ந்தால் சண்டை. எங்களுடையது டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. முதலில் ஏறுகிறவன் நான், ஆனால் ஜன்னல் அவனுக்கு. அது எப்படி அப்படி ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

விடுமுறை நாளில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரம் போய்விடுவோம். கடல் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்வது. பீர் குடிக்கத்தான் போனோம் என்பது வீட்டுக்கும் தெரியும்.

அப்படி ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரர் மணலில் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனார். நின்றுபோன எஞ்சினைக் கண்டால் ஏகாம்பரத்தால் தாண்டிப் போக முடியாது. பிளக்கைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து மாட்டினான். வண்டி கிளம்பிவிட்டது. அவர் பெயர் யான், ஊர் பெல்ஜியம். கல் செதுக்கப் பழக வந்தவர், விரல் பூராவும் காயம். அறைக்கு ஓடிப்போய் ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். தன் பிறந்தநாளுக்கென்று ஊரிலிருந்து சுமந்து வந்ததாம். பிறந்தநாள் போய்விட்டது, கூடக் குடிக்க ஆள் கிடைக்கவில்லை என்றார்.

கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே பாறைமேல் உட்கார்ந்தோம். தம்ளர் கிடையாது. இளநீர்க்காரரிடம் காலி மட்டை மூன்று வாங்கி அதில் ஊற்றினார். சிவப்பு நிறம், மேலே ரோஸ் நுரை. வெயிலில் சூடேறிக் கிடந்தது. நான் ஒரு வாய் குடித்துவிட்டு "இருமல் டானிக்" என்றேன். யான் சிரித்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "முதல் வாய்க்கு நாக்கு பயந்துவிடும். அதைக் கேட்காதே. இரண்டாவது வாயைக் கேள்."

நான் இரண்டாவது வாயையும் கேட்டேன். அதுவும் டானிக் என்றுதான் சொன்னது. ஏகாம்பரம் இரண்டாவது வாயைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"நாவப்பழம் மச்சான்," என்றான். "உப்பு போட்டு குலுக்கின நாவப்பழம்."

டானிக்கா நாவல்பழமா என்ற சண்டை திரும்பி வரும் பஸ்ஸில் தொடங்கியது. கம்பெனி பஸ்ஸில் மாதக்கணக்கில் நடந்தது. பிறகு பிழைப்பு என்னைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோய், எங்கெங்கோ தள்ளி, கடைசியில் யானின் நாட்டிலேயே கென்ட் என்ற ஊரில் இறக்கிவிட்டது. அங்கே இந்தப் பீர் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. மாலையில் ஓட்டல் வாசலில் உட்கார்ந்து, பூ மாதிரி விரிந்த கண்ணாடிக் கோப்பையில் பெண்கள் மெதுவாகக் குடிப்பார்கள். நான் வாங்கினால் உடன் வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள், அது பீரே இல்லை சர்பத் என்று. இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு முறை நான் அதை வாங்குவது ருசிக்காக இல்லை. அந்தப் பாறையில் போய் உட்காருவதற்காக. குடித்ததும் ஏகாம்பரத்தைக் கூப்பிடுவேன். "எப்ப கொண்டாருவ?" என்பான். பாட்டில் உடைந்துவிடும் என்று பயந்து பயந்து ஒவ்வொரு முறையும் சாக்லெட்டோடு போய் நின்றிருக்கிறேன்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். கென்ட்டில் தினமும் எதிரே உட்காருகிறவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. இங்கே கூடுவாஞ்சேரி வருவதற்குள், மடியில் பூக்கூடை வைத்திருந்த அம்மா என் சம்பளம், என் மனைவியின் சொந்த ஊர், எனக்குச் சர்க்கரை உண்டா என்பது வரை கேட்டு முடித்துவிட்டார். பதில் சொன்ன களைப்பில் தூங்கிப்போனேன். கண் விழித்தால் ஜன்னலில் கொளவாய் ஏரி. சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்க வேண்டியவன் செங்கல்பட்டுக்கே வந்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் உடம்பு பழைய வீட்டுக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கிறது.

திரும்பிப் போக ஷேர் ஆட்டோ. ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் ஏற்றிய பிறகும் இன்னும் இரண்டு பேருக்காக நின்றது. "அண்ணாத்த, பொட்டிய மடில வெச்சிக்க" என்றார் டிரைவர். வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பாட்டில் வெடித்துவிடுமோ என்று பெட்டியை இறுகக் கட்டிப்பிடித்தேன். பக்கத்திலிருந்த பெண், உள்ளே சாமி சிலையா என்று மரியாதையாகக் கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். அதற்குப் பிறகு என் பெட்டிமேல் அவர் முழங்கை படாமல் பார்த்துக்கொண்டார்.

ஏகாம்பரம் இப்போது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நாஸ்தா கடை வைத்திருக்கிறான். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள்தான் வாடிக்கை. இட்லி, வடகறி, பூரி. அவன் மனைவி தேவகிதான் சமையல். கல்லாவிலும் அவள்தான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து பெட்டியை வாங்கினான். அப்போதுதான் அவன் வலது மணிக்கட்டைப் பார்த்தேன். தடித்த சிவப்புக் கயிறு.

எங்கள் பக்கத்தில் அந்தக் கயிற்றுக்கு விளக்கம் தேவையில்லை. குடியை விட நினைப்பவன் கோயிலுக்குப் போவான். கடைசியாக எப்போது குடித்தாய் என்று பூசாரி அம்மன் முன்னால் நிறுத்திக் கேட்பார். உண்மையைச் சொல்லிச் சத்தியம் செய்தால் கயிறு கட்டுவார். பூசாரி வைக்கும் கெடு முடியும்வரை கயிறு கையில் இருக்கும், அதுவரை தொடக்கூடாது. டாக்டர் சொல்லியும் கேட்காதவன், பெண்டாட்டி அழுதும் கேட்காதவன் கயிற்றுக்குக் கேட்பான்.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபமாகவே கேட்டேன். "நீ ஆசையா கொண்டாரேன் கொண்டாரேன்னு சொல்லிகினு இருந்த. எப்பிடி சொல்றது?" என்றான். "எப்ப கொண்டாருவன்னு கேக்கறது ஒரு பழக்கம் மச்சான். குடிக்கறதுக்கு கேக்கல."

பிறகு வடகறியைக் கிளறிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கம்பெனியில் ஆள் குறைத்தபோது வேலை போனது. ஒயின் ஷாப்பிலேயே கிடந்தான். இந்தக் கடை பூட்டிக் கிடந்தது. தேவகி கடப்பாக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். முதல் முறை கயிறு கட்டியபோது திரும்பி வந்தாள். ஒரு கல்யாணத்தில், ஒரே ஒரு வாய்தானே என்று யாரோ கொடுத்தார்கள். அந்த ஒரு வாய் மழைக்காலம் முழுக்க ஓடியது. இது இரண்டாவது கயிறு. இதுவும் அறுந்தால் நான் அம்மா வீட்டுக்குப் போவேன், திரும்பி வரமாட்டேன் என்று தேவகி சொல்லியிருக்கிறாள். "அவ சொன்னா செய்வா" என்றான்.

நான் பெட்டியைத் திறந்து சாக்லெட்டை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். பாட்டில் வேட்டிக்குள்ளேயே கிடந்தது. கென்ட்டிலிருந்து வந்தது கென்ட்டுக்கே போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அக்கா வீட்டில் தங்கவில்லை என்று அக்காவுக்கு இன்னும் வருத்தம். தொழிற்சாலையில் கார் அனுப்புகிறோம் என்றார்கள். பிடிவாதமாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். "சார், அது நம்மாளு சீட்டு. பரனூர்ல ஏறுவாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பஸ் பரனூர் தாண்டித்தானே வந்திருக்கிறது என்றேன். இன்று அவர் லீவு, ஆனாலும் அது அவர் சீட்டுதான் என்றார்கள். எழுந்து நின்றுகொண்டு போனேன். என் சீட்டு போய்விட்டது என்பதில் துக்கமும் வழக்கம் மாறவில்லை என்பதில் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை விட்டு, மூவரும் ஏகாம்பரத்தின் பழைய வேனில் மாமல்லபுரம் கிளம்பினோம். தேவகியின் யோசனை. இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசுகிற அந்தப் பாறையை நானும் பார்க்க வேண்டாமா என்றாள். புளிசோறு, உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர் கேன், ஈரத்துணி சுற்றிய இன்னொரு பை எல்லாம் ஏற்றினாள். பையில் என்ன என்று கேட்டதற்கு, சொல்லமாட்டேன் என்று சிரித்தாள்.

மாமல்லபுரம் நிறைய மாறியிருக்கிறது. யான் தங்கியிருந்த தெருவில் இப்போது அலைச்சறுக்குப் பலகை வாடகைக்குக் கிடைக்கிறது. பாறை மட்டும் அப்படியே கிடந்தது. தேவகி இலையை விரிக்கும் நேரத்தில், வறுத்த மீன் வாங்கி வருகிறேன் என்று நான் போனேன். மீன்காரம்மா எண்ணெய் காயட்டும் என்றார். காயும்வரை நின்றேன். அந்த எண்ணெய் சீக்கிரம் காய்ந்திருக்கக்கூடாதா என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பி வந்தால் பாறைமேல் எவர்சில்வர் தம்ளர்கள். ஒன்று ஏகாம்பரத்தின் வாயருகே. தம்ளர் விளிம்பில் ரோஸ் நுரை.

நான் வாய் திறப்பதற்குள் அவன் குடித்துவிட்டான்.

"பொட்டில மறந்து வெச்சிட்டீங்கண்ணா," என்றாள் தேவகி. "உங்க துணிய தொவைக்க எடுக்கசொல்ல பார்த்தேன். பழ ஜூஸு. வீட்டுலியே மூடிய ஒடைச்சி தூக்குல ஊத்தி எடுத்தாந்தேன், இவருக்கு தெரியக்கூடாதுன்னு."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பாட்டிலில் கொத்துக் கொத்தாகப் பழம் வரைந்திருக்கும், எழுத்தெல்லாம் டச்சு. விருந்தாளியின் அழுக்குத் துணியைக் கேட்காமல் எடுத்துத் துவைப்பது எங்கள் ஊர் உபசாரம். நுரை வந்ததைப் பன்னீர் சோடா மாதிரி என்று நினைத்திருப்பாள். புருஷன் குடித்த பிராந்தியின் நாற்றம் அவளுக்கு மனப்பாடம். இதில் அந்த நாற்றம் இல்லை.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். என்ன குடித்தோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் கொடுக்கச் சொல்லவில்லை என்பதுபோல் தலையசைத்தேன். தேவகி எதுவும் அறியாமல் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டு ஜூஸ் கொஞ்சம் புளிக்கும்போல, கெட்டுவிட்டதோ என்று முதலில் பயந்துபோனேன் என்றாள்.

அவன் தம்ளரைக் கீழே வைத்துவிடுவான் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. இன்னொரு முறை தூக்கினான். மெதுவாக ஒரு வாய் குடித்தான். அன்றைக்கு மூடியதுபோலவே கண்ணை மூடினான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. எத்தனையோ வருடமாக நான் கென்ட்டில் தனியாகக் குடித்துக் குடித்துத் தேடிய முகம் அதுதான்.

பிறகு தம்ளரைப் பாறையில் வைத்தான். "போதும் தேவகி. பல்லு கூசுது."

என் தம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தேன். இருமல் டானிக். வாங்கிவந்த மீனை இலையில் பிரித்து வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும், ஆடி ஞாயிறு, கடப்பாக்கம் போய் அம்மனைப் பார்த்துவிட்டு வரலாமா என்றான் ஏகாம்பரம். தேவகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் ஊர், அவள் கோயில், அன்றைக்குக் கூழ் ஊற்றுவார்கள். எனக்குத்தான் காரணம் தெரியும். அந்தக் கயிறு கட்டியது அந்தக் கோயிலில்.

கல்பாக்கம் தாண்டித் தெற்கே போகையில் உப்பளத்துக்குப் பக்கத்தில் டயர் பஞ்சர். தேவகி பனைமர நிழலில் போய் உட்கார்ந்தாள். ஏகாம்பரம் ஜாக்கி போட, நான் போல்ட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். அவளுக்குச் சொல்லாதே, தெரியாமல் குடித்தது கணக்கில் வராது என்றேன்.

"பூசாரி கேப்பாரு மச்சான்," என்றான், டயரைப் பார்த்துக்கொண்டே. "பொய் சொல்லி கட்டிகினா அது வெறும் நூலு. போன தபா அப்பிடித்தான் பூட்ச்சி. ஒரு வாயின்னு மறைச்சேன், அப்பால மறைக்கறதே பொழப்பா ஆய்டுச்சி."

"அப்ப சொல்லிடு."

"அவ கையால குடுத்தது. அத்த அவ முன்னால எப்பிடி சொல்வேன்?"

வாங்கி வைத்திருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன்.

கோயிலில் நல்ல கூட்டம். பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. பூசாரி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூழ் ஊற்றுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் போய்க் கையை நீட்டினான். கயிற்றைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சந்நிதிக்கு அழைத்துப் போனார். தேவகி புரியாமல் பின்னால் வந்தாள்.

"கெடு முடியலியே. ஏன் வந்த?" என்றார் பூசாரி. "கடைசியா எப்ப?"

"இன்னிக்கு மதியானம்."

தேவகியின் கையிலிருந்த கூழ்ச் சொம்பு அப்படியே நின்றது. நான் முந்திக்கொண்டு, சாமி, பாட்டில் என்னுடையது, தப்பு என்னுடையது என்றேன். பாட்டில் யாருடையது என்று நான் கேட்கவில்லை என்றார் பூசாரி, என் பக்கம் திரும்பாமலே. எவ்வளவு குடித்தாய், தெரிந்தா தெரியாமலா என்று அவனைக் கேட்டார்.

ஏகாம்பரம் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு வாயி. மொத வாயி தெரியாம," என்றான். கயிற்றை விரலால் ஒரு சுற்றுத் திருகினான். "ரெண்டாவது வாயி தெரிஞ்சி."

தேவகிக்கு விஷயம் படிப்படியாகப் புரிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூஸ், நுரை, புளிப்பு, என் முகம், அவன் முகம். அவள் கோயில் வாசலைப் பார்த்தாள். அவள் அம்மா வீடு அடுத்த தெருவில்தான் இருக்கிறது. நடந்தால் கூழ் ஆறுவதற்குள் போய்விடலாம். அவள் திரும்பினாள், இரண்டடி எடுத்தும் வைத்தாள். ஏகாம்பரம் கூப்பிடவில்லை.

வாசலருகே சொம்பைத் தரையில் வைத்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை நீட்டினாள்.

"எனக்கும் கட்டுங்க சாமி," என்றாள். "கெட்டு பூடுச்சான்னு பாக்க ஒரு வாயி குடிச்சேன். நல்லாக்கீதேன்னு இன்னொரு வாயி."

பூசாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருடத்தில் பெண்டாட்டி கையை நீட்டி யாரும் கேட்டதில்லை என்று முணுமுணுத்தார். பழைய கயிற்றை அறுத்துக் கற்பூரத் தட்டில் போட்டார். இருவருக்கும் புதுக்கயிறு கட்டினார். அவன் அழுதான். அவள் அழவில்லை, கூழ் ஆறுகிறது என்றாள். பூசாரி என்னைப் பார்த்து உனக்கும் கட்டவா என்றார். பொய் சொல்லிக் கட்டினால் வெறும் நூல் என்று அப்போதுதான் கேட்டிருந்தேன். கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொண்டேன்.

திரும்பும்போது சாலையோரத்தில் நாவல்பழம் விற்றார்கள். தேவகி வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஒரு பொட்டலம் வாங்கி, உப்பைத் தூவிக் குலுக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே வெயில் தாழ்ந்திருந்தது.

அந்த ஜூஸ் என்ன பழம் என்று அவள் கேட்டாள். செர்ரி என்றேன். அப்படியொரு பழத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் குடிக்கும்போது இந்தப் பழம் மாதிரிதான் இருந்தது என்று பொட்டலத்தைக் காட்டினாள்.

ஏகாம்பரம் ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினான். மதியத்துக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தான். சொன்னேனா இல்லையா, சொன்னேனா இல்லையா என்று என்னைக் குடைந்தெடுத்தான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. டானிக் டானிக்தான் என்றேன். தேவகி என் கையில் ஒரு பழத்தைத் திணித்தாள். வாயில் போட்டேன். துவர்ப்பு, வெறும் நாவல்பழம்.

"ரெண்டாவது துன்னு மச்சான்," என்றான் ஏகாம்பரம்.

இரண்டாவதைப் போட்டுக் கண்ணை மூடினேன். உப்பு கரைந்து, துவர்ப்பு இறங்கி, அடியிலிருந்து ஒரு இனிப்பு எழுந்து வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த இனிப்பு. கென்ட்டில் ஓட்டல் வாசலில், பூ மாதிரி விரிந்த கோப்பையில், தனியாக உட்கார்ந்து எத்தனை முறை குடித்திருக்கிறேன்.

"சொல்லு. இன்னா டேஸ்டு?"

"செர்ரி பீரு," என்றேன்.

தேவகி சட்டென்று பொட்டலத்தைச் சுருட்டி, அவனுக்கு எட்டாதபடி ஜன்னல் பக்கம் வைத்தாள். அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான். கல்பாக்கம் வந்ததும் அவள் பொட்டலத்தைப் பிரித்து, ஒரே ஒரு பழத்தை எடுத்து, புதுக்கயிறு கட்டிய கையால் அவன் வாயில் வைத்தாள்.